கருங்கோட்டையில் பதினான்கு ஆண்டுகள்

ஓர்லினோவோ நகராட்சி ஆவணக் காப்பகத்தின் ஒரே கணினி செப்டம்பர் முதல் வாரத்தில் சத்தம் போட ஆரம்பித்தது. 'டக், டக், டக்' என்று மூன்று தடவை; பிறகு ஒரு பெருமூச்சு. காப்பகத்தின் ஒரே ஊழியனான ஸ்பாஸ் யாங்குலோவ் அதைச் சுவர்க் கடிகாரம் என்று எண்ணி ஒரு மணி நேரம் சும்மா இருந்தான். கடிகாரம் நின்று ஆறு வருடம் ஆயிற்று என்பது காபி வேளையில்தான் நினைவுக்கு வந்தது. கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துப் பார்த்தான். ஹார்ட் டிஸ்க். சாகப்போகிறது.

அந்த டிஸ்கில் இருந்தவை, மூடப்பட்டுவிட்ட கம்பி ஆலையின் சம்பளப் பதிவேடுகள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேருடைய உழைப்பு. ஆலை மூடியபோது பதிவேடுகள் நகராட்சிக்கு வந்தன. நகராட்சி அவற்றை நிலவறையில் பத்திரமாக வைத்தது. பாதியை எலிகள் படித்து முடித்தன. மீதியை ஒரு மார்ச் மாதத்து வெள்ளம் எடுத்துக்கொண்டது. வெள்ளம் எப்படி உள்ளே வந்தது என்று விசாரித்த குழுவின் அறிக்கையும் பின்னர் அதே நிலவறையில் பத்திரமாக வைக்கப்பட்டது. எலிகளுக்கு முன்பே ஸ்பாஸ் மூன்று வருடம் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைத்திருந்ததுதான் மிச்சம்.

எங்கள் பக்கத்தில் ஓய்வூதியம் கேட்டுப் போகிறவர் தான் வேலை பார்த்ததற்குச் சான்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை பார்க்கவில்லை. கையில் தழும்பு இருக்கலாம், நுரையீரலில் வார்னிஷ் இருக்கலாம். அவை ஆவணங்கள் அல்ல.

கிச்கா யாசெனோவா செவ்வாய்க்கிழமை தவறாமல் காப்பகத்துக்கு வருவாள். கம்பிக்கு வார்னிஷ் சுடும் உலையின் முன்னால் பதினான்கு வருடம் நின்றவள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் உறவினரைப் பார்க்க வருகிற தோரணையில் கணினியைப் பார்ப்பாள்.

"என்னப்பா ஸ்பாஸு, என் பதினாலு வருஷம் சௌக்கியமா?"

"இருக்குக்கா. கொஞ்சம் இருமுது."

"இருமட்டும். நானும் பதினாலு வருஷம் இருமினேன், யாரு கேட்டா? மூணாம் வகைன்னு எழுதிப்புட்டானுங்க."

வேலையின் ஆபத்தைப் பொறுத்து மூன்று வகை உண்டு. முதல் வகைக்காரர் மூன்று வருடம் உழைத்தால் ஐந்து வருடமாகக் கணக்கு. மூன்றாம் வகைக்காரருக்கு மூன்று என்றால் மூன்றுதான்.

"ஆலைத் தலைவரோட காரியதரிசி இருந்தா பாரு, சன்னலோரமா உக்காந்து நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு, அவளும் மூணாம் வகை. ரெண்டு பேரும் வார்னிஷ் வேலைதானேன்னு நெனச்சுட்டானுங்க போல." பையிலிருந்து ஒரு துண்டு பானிட்சாப் பலகாரத்தை எடுத்து அவன் மேசையில் வைத்தாள். "பேசாம இப்பவே சான்றிதழை அடிச்சுக் குடுத்துடேன்."

"குடுத்தா முப்பது நாள்ல காலாவதியாயிடும்க்கா. உங்களுக்கு ஓய்வூதிய வயசு நிறையறது நவம்பர் கடைசியில. அன்னைக்குத்தான், மூலத்துல இருந்து புதுசா எடுக்கணும்."

"அப்ப அதுவரைக்கும் இதை உசுரோட வை. எனக்கு வேற சாட்சி கிடையாது. மேஸ்திரி செத்துட்டான். இருந்தாலும் எனக்காகச் சொல்லியிருக்கமாட்டான், அது வேற."

ஸ்பாஸ் அன்றே விண்ணப்பம் எழுதினான். 'பேக்கப் எடுக்க இரண்டு ஹார்ட் டிஸ்க் தேவை.' ஒரே வரி. அதில்தான் தப்பு செய்தான். ஒரே வரியில் எழுதப்பட்ட விண்ணப்பத்தை நகராட்சியில் யாரும் நம்புவதில்லை. எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம்.

டிஸ்க் எதிர்க்கடையில் இருந்தது. காப்பகத்தின் சன்னலிலிருந்து பார்த்தாலே கண்ணாடி அலமாரியில் தெரியும். சொந்தக் காசில் வாங்கிவிடலாம் என்று நினைத்து, எதற்கும் இருக்கட்டுமென்று நகராட்சி வழக்கறிஞர் ஸ்லாத்தினாவிடம் கேட்டான். ஸ்லாத்தினா சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே கேட்டாள். தோலை ஒரு துல்லியமான குவியலாகக் கட்டுவது அவள் வழக்கம்.

"வாங்கலாம். யாரு வேணாங்கறா? ஆனா உங்க டிஸ்குல நகராட்சியோட சரக்கு எண் இருக்காது. சரக்கு எண் இல்லாத டிஸ்குல இருக்கறது ஆவணம் இல்ல, ஸ்பாஸ். வதந்தி."

"அதே பக்கம்தானே மேடம், அப்படியே நகல்தானே?"

"அதே வதந்தி."

விண்ணப்பம் தொழில்நுட்பத் தெரிவுக் குழுவுக்குப் போயிற்று. குழுத் தலைவர் துணைமேயர் பொறியாளர் ஹரலாம்பி த்ரியானோவ். மரம் வெட்டும் தொழிலில் பொறியாளர் பட்டம் பெற்றவர். 'பொறியாளர்' என்ற சொல் அவர் கதவிலும், தபால் பெட்டியிலும், குளிர்காலத்துக்கு அவர் வீட்டில் போடும் ஊறுகாய் ஜாடிகளிலும் எழுதியிருக்கும். குழுவின் இரண்டாவது உறுப்பினர் ஸ்லாத்தினா. மூன்றாவது உறுப்பினரின் இடம் நான்கு வருடமாகக் காலி. அந்த இடம் எப்போதும் தலைவரோடு சேர்ந்தே வாக்களித்தது.

குழுவிடம் ஒரு மதிப்பெண் அட்டவணை இருந்தது. அதன் வரலாறு சுருக்கமானது. எங்கள் நாட்டில் எந்த டெண்டர் விட்டாலும், தோற்றவர் வழக்குப் போடுவார். வழக்கு முடிவதற்குள் வாங்க நினைத்த பொருளே உலகத்தில் வழக்கொழிந்து போகும். மாவட்ட வரலாற்றிலேயே யாரும் வழக்குப் போடாத டெண்டர் ஒன்றுதான்: பக்கத்து கோரிச்செவோ நகராட்சி இளைஞர் மன்றத்துக்கு கேம் விளையாடும் கணினி வாங்கியது. ஸ்லாத்தினா அந்த அட்டவணையை அப்படியே எடுத்துவந்து, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டாள். அதிலிருந்து ஓர்லினோவோவில் எது வாங்கினாலும் அதே அட்டவணைதான். கிராபிக்ஸுக்கு நாற்பது மதிப்பெண். பட வேகத்துக்கு இருபத்தைந்து. நிழல்களின் தத்ரூபத்துக்கு இருபது. வெளித்தோற்றத்துக்குப் பதினைந்து. பள்ளிக்கூடத்துக்குத் தயிர் வாங்கியபோது மூடியில் இருந்த மாட்டின் படத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். போன குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி வாங்கியபோது, நல்ல நிழல் விழுகிற வண்டி ஜெயித்தது. அது பனி தள்ளவில்லை. ஆனால் வழக்கு வரவில்லை.

"ஸ்பாஸ், நீங்க கேக்கறதோட கிராபிக்ஸ் எவ்வளவு?" என்று கேட்டார் பொறியாளர்.

"ஹார்ட் டிஸ்குக்கு கிராபிக்ஸ் கிடையாதுங்க ஐயா."

"கிடையாதுன்னா? கொஞ்சம்கூடவா?"

"அது சும்மா உள்ள கெடக்கும். பக்கங்களை வச்சுக்கும். அவ்வளவுதான்."

பொறியாளர் பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "நாற்பதுக்குப் பூஜ்யம். வேகம் பூஜ்யம். நிழல் பூஜ்யம். தோற்றம்… சரி, ஒரு கறுப்பு டப்பா, ரெண்டு போடலாம். நூத்துக்கு ரெண்டு வாங்கின பொருளை நான் எப்படி ஜனங்களோட பணத்துல வாங்குவேன்? ஜனங்க என்னை நம்பி இருக்காங்க தம்பி."

"ஆனா டிஸ்க் செத்துக்கிட்டிருக்கு ஐயா."

"அதனாலதான் நல்லதா வாங்கணும்ங்கறேன். நான் இந்த நாற்காலியில உக்காந்து பதினொரு வருஷமாச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, எனக்குப் புரிஞ்ச ஒரு பொருளை நான் வாங்கினதில்லை. ஏன்? புரிஞ்சா பாரபட்சம் வந்துடும்."

ஸ்லாத்தினா அதைப் பதிவேட்டில் எழுதினாள். தீர்மானம் நிறைவேறிற்று. இரண்டு டிஸ்குக்குப் பதிலாக, 'தரவுப் பாதுகாப்புக்கும் சோதனைக்குமான உயர் படத்திறன் அமைப்பு' ஒன்று வாங்கப்படும். மூன்று நிறுவனங்கள் மாதிரிக் கணினிகளை அனுப்ப வேண்டும். குழு தன் கண்ணால் சோதித்துத் தேர்ந்தெடுக்கும்.

*

மூன்று கணினிகளும் அக்டோபரில் வந்தன. அவற்றை வைக்க இடமில்லாததால் திருமணப் பதிவு மண்டபத்தில் வைத்தார்கள். அட்டவணைப்படி சோதிக்க வேண்டுமானால் கேம் விளையாடியாக வேண்டும். கோரிச்செவோவில் பயன்படுத்திய அதே கேம் வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு வரும். கேமின் பெயர் 'கருங்கோட்டை'. ஒரு வீரன் வாளோடு கோட்டைக்குள் நுழைகிறான். ஏழாவது சுற்றில், எரிகிற அறை ஒன்றில், ஒரு டிராகன் இருக்கிறது.

முதல் நாள் பொறியாளர் சுட்டியைத் தொடக் கூசினார். இரண்டாம் நாள் நாற்காலியை உயர்த்தச் சொன்னார். மூன்றாம் நாள் வீட்டிலிருந்து முதுகுத் தலையணை வந்தது. அந்த வாரம் மண்டபத்தில் நான்கு கல்யாணங்கள். பதிவாளர், "இவரைக் கணவராக ஏற்கிறாயா?" என்று கேட்கும்போது பின்னாலிருந்து, "சாவுடா நாயே!" என்று குரல் வரும். மணப்பெண்களில் ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு இன்றுவரை குழு மேல் நன்றி உண்டு.

சோதனை அறிக்கைகள் நாள்தோறும் எழுதப்பட்டன. ஒன்று இப்படி இருந்தது: 'மூன்றாம் இயந்திரத்தில் டிராகனின் மூக்குத் துவார மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. குழு ஒருமனதாக அஞ்சியது.'

ஸ்பாஸ் ஒவ்வொரு நாளும் மண்டப வாசலில் வந்து நிற்பான்.

"ஐயா, டிஸ்க் இப்ப நாலு தடவை டக்குங்குது."

"தம்பி, இங்க நெருப்புப் பாலத்துல நிக்கறேன். அப்புறம் வா."

மூன்றாம் இயந்திரம் ஜெயித்தது. பக்கமெல்லாம் கண்ணாடி. உள்ளே வானவில் ஓடியது. மூன்று விசிறி வைத்த கிராபிக்ஸ் கார்டு கனம் தாங்காமல் தொங்கியதால் அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. நகராட்சி ஊழியர் ஒழுக்க விதிப் புத்தகம் அளவெடுத்ததுபோல் பொருந்திற்று. அதற்கு முன் அந்தப் புத்தகம் எதற்கும் பயன்பட்டதாகப் பதிவில்லை.

காப்பகத்தின் பெயரில் வாங்கப்பட்டதால் அது காப்பகத்துக்கே வந்து, ஸ்பாஸின் மேசையில் அமர்ந்தது. பழைய கணினி தரைக்கு இறங்கியது. பொறியாளரும் தலையணையோடு வந்து சேர்ந்தார். ஸ்பாஸுக்கு அலமாரி ஏணியின் மேல்படி மிஞ்சியது.

உள்ளே திறந்து பார்த்தபோது அவனுக்கே நம்பமுடியவில்லை. டிஸ்க் மட்டும் அவன் கேட்டதைப்போல் நான்கு மடங்கு இருந்தது. முழுக்கக் காலி. ஓடிப்போய் ஸ்லாத்தினாவிடம் கேட்டான்.

"மேடம், சம்பளப் பதிவேட்டை இதுல போட்டுடட்டுமா? ரெண்டு வாரத்து வேலை."

"முழுப்பேரைப் படிங்க. பாதுகாப்புக்கும் *சோதனைக்கும்*. சோதனை முடிஞ்சதுன்னு அறிக்கை வந்தாத்தான் பாதுகாப்பு ஆரம்பம். அதுக்கு முன்னாடி ஒரு பக்கம் போட்டாலும் ஒப்பந்த மீறல்."

"சோதனை எப்ப முடியும்?"

ஸ்லாத்தினா கோப்பைப் புரட்டினாள். "டிராகன் செத்தா."

ஸ்பாஸ் திரும்பி வந்து ஏணியில் ஏறி உட்கார்ந்து பொறியாளர் விளையாடுவதைப் பார்த்தான். அவர் எரியும் அறைக்குள் நுழைந்தார், வாளைத் தூக்கினார், டிராகன் ஒரு தடவை மூச்சு விட்டது, அவர் செத்தார். மறுபடி நுழைந்தார். மறுபடி செத்தார். மூச்சு விடும்போது ஒதுங்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. பதினொரு வருடத்தில் எதற்கும் ஒதுங்கிப் பழக்கமில்லாதவர்.

அடுத்த செவ்வாய் கிச்கா வந்தாள். தரையிலிருந்த கணினியையும் மேசையிலிருந்த வானவில்லையும் பார்த்தாள்.

"எது என்னோடது?"

"கீழ இருக்கறது."

"கேக்கணுமா," என்றாள்.

*

நவம்பர் தொடக்கத்தில் ஓர்லினோவோவில் மின்சாரம் போயிற்று. இருபது நிமிடம்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பொறியாளரைத் தவிர. மின்சாரம் வந்தபோது அவருடைய வீரன் கோட்டை வாசலில், வாளுமின்றிக் கவசமுமின்றி, முதல் சுற்றில் நின்றுகொண்டிருந்தான்.

அரை மணி நேரத்தில் அவசரக் கூட்டம் கூடியது. பொறியாளரின் குரல் நடுங்கிற்று.

"நாலு வாரம். நாலு வாரத்து உழைப்பு! ஒரு மனுஷன் நெருப்புல நின்னு பாடுபட்டது, ஒரு நிமிஷத்துல, எந்தத் தடயமும் இல்லாமப் போயிடுச்சு. போய் யார்கிட்ட சொல்றது? நான் அங்க இருந்தேங்கறதுக்கு என்ன சாட்சி? தரவு இழப்புன்னா என்னன்னு இந்த நகராட்சிக்கு இன்னைக்குத்தான் தெரியுது!"

 ஸ்பாஸின் முகத்தைப் பார்த்த பொறியாளர், இவனாவது நம் துக்கத்தைப் புரிந்துகொள்கிறானே என்று நெகிழ்ந்தார்.

உத்தரவு அன்று மாலைக்குள் தயாராகிவிட்டது. 'கருங்கோட்டை என்ற கோப்புறைக்குள் இருக்கும் அனைத்தும், எந்த விலக்குமின்றி, தினமும் மூன்று நகல்களாகப் பாதுகாக்கப்பட வேண்டும். ஒன்று இயந்திரத்தில், ஒன்று நகராட்சியின் இரும்புப் பெட்டியில், ஒன்று ஊருக்கு வெளியே, துணைமேயரின் பண்ணை வீட்டு நிலவறையில்.' அதற்குத் தேவையான இரண்டு ஹார்ட் டிஸ்குகள் எதிர்க்கடையிலிருந்து நாற்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தன. அவசரச் சோதனை உதிரிபாகம் என்பதால் அட்டவணை தேவைப்படவில்லை. இரண்டிலும் சரக்கு எண் ஒட்டி, வட்ட முத்திரையும் குத்தினாள் ஸ்லாத்தினா.

ஸ்பாஸ் உத்தரவை இரண்டு தடவை படித்தான். 'அனைத்தும்' என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு மூன்றாவது தடவை படித்தான். பிறகு கருங்கோட்டை உறையைத் திறந்தான். அதற்குள் ஏழாம் சுற்று. அதற்குள் டிராகன் அறை. அதற்குள் புதிதாக ஓர் உறை உண்டாக்கி, 'கம்பி ஆலை' என்று பெயர் வைத்தான். இரண்டு கணினிகளையும் ஒரு கேபிளால் இணைத்தான்.

பழைய டிஸ்க் மெதுவாகத்தான் கொடுத்தது. நூறு பக்கத்துக்கு ஒரு தடவை இருமிற்று. மேலே பொறியாளர் முதல் சுற்றிலிருந்து மறுபடி ஏறிவந்து டிராகனிடம் செத்துக்கொண்டிருந்தார். கீழே எழுத்து வரிசையில் மக்கள் ஒவ்வொருவராகக் கோட்டைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். கிச்கா யாசெனோவாவின் குடும்பப் பெயர் தொடங்குவது எங்கள் அகரவரிசையின் கடைசி எழுத்தில்.

"தம்பி, இந்தக் கேபிள் என்னது?"

"பாதுகாப்புங்க ஐயா."

"நல்லது. பத்திரமா பாத்துக்க."

நவம்பர் மூன்றாவது செவ்வாய்க்கிழமை திறப்பு விழா. வாங்கி மூன்று வாரம் ஓடிய இயந்திரத்துக்குத் திறப்பு விழா எதற்கு என்று கேட்கக்கூடாது. நாடா வெட்டாத பொருள் நகராட்சியைப் பொறுத்தவரை இன்னும் பிறக்கவில்லை. காப்பகத்துக்குள் முப்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். ஊரில் யாராவது புது வேலைக்கோ பரீட்சைக்கோ கிளம்பினால், காரியம் தண்ணீர்போல ஓட வேண்டுமென்று வாசலில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டுவது வழக்கம். இயந்திரத்துக்கும் அந்த மரியாதை உண்டு என்று பொறியாளர் முடிவு செய்திருந்தார். சிவப்புப் பூச்செருகிய செம்பு, நாடாவுக்குப் பக்கத்தில், நிரம்பக் காத்திருந்தது.

ஸ்பாஸ் செம்பைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். தரை வாசலிலிருந்து உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாய்வு முடிகிற இடத்தில், விழாவுக்காகச் சுத்தமான மேசைவிரிப்புக்கு அடியில் மறைக்கப்பட்டு, பழைய கணினி இருமிக்கொண்டிருந்தது. தூக்கி வைக்கலாமா? ஓடிக்கொண்டிருக்கும்போது அசைத்தால் அந்த டிஸ்க் அந்த நொடியே போய்விடும். திரையில் பார்த்தான். அகரவரிசையில் இன்னும் மூன்று எழுத்து. இருபத்தைந்து நிமிடம்.

கிச்கா கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். செவ்வாய்க்கிழமை என்பதால் வந்தவள். ஸ்பாஸ் நகர்ந்துபோய் அவள் காதில் சொன்னான்.

"அக்கா, உங்க பேரு இன்னும் வந்து சேரலை. இவர் பேச்சை முடிச்சார்னா தண்ணியை ஊத்திடுவார்."

"எவ்வளவு நேரம் வேணும்?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"இந்தாளுக்கா? தூக்கத்துலயே பேசுவாரு," என்றாள். ஆனால் அன்றைக்குப் பார்த்துப் பொறியாளர் சுருக்கமாகப் பேசத் தீர்மானித்திருந்தார். கூட்டத்துக்குப் பின்னால் வறுத்த இறைச்சியும் ராக்கியாச் சாராயமும் காத்திருந்தன.

"நண்பர்களே! நான் பேச்சுக்காரன் இல்லை, செயல்காரன். இந்த இயந்திரம் ஒரு வினாடிக்கு நூத்தி நாப்பது படம் காட்டுது. இதுக்கு முன்னாடி இந்த நகராட்சி வருஷத்துக்கு ஒரு படம் காட்டிக்கிட்டிருந்தது, அதுவும் தேர்தலுக்கு. இதோட நான்…" என்று செம்பின் பக்கம் கையை நீட்டினார்.

"ஐயா!" என்றான் ஸ்பாஸ். வாழ்நாளில் முதல் தடவையாகக் கூட்டத்தில் குரல் உயர்த்தினான். "சாலைப் பணிகளைப் பத்தி ரெண்டு வார்த்தை!"

பொறியாளரின் கை காற்றில் நின்றது. சாலைப் பணிகளைப் பற்றி யாரும் அவரை விரும்பிக் கேட்டதில்லை. கண் கலங்கியது. ஒன்பது நிமிடம் பேசினார். "தோண்டினது நாங்கதான். மூடாதது போன நிர்வாகம்," என்றார். "ரெண்டு நிர்வாகத்துலயும் துணைமேயர் நான்தான்ங்கறது வேற விஷயம்." கையை மறுபடி செம்புக்கு நீட்டினார். திரையில் கடைசிக்கு முந்தின எழுத்து.

"பொறியாளர் ஐயா, அந்த டிராகனைப் பத்திச் சொல்லுங்க!" என்று ஓரத்திலிருந்து கத்தினாள் கிச்கா. "எப்படி இருக்கும்? நெருப்பு சுடுமா?"

அவ்வளவுதான். பொறியாளர் செம்பை மறந்தார். இறைச்சியை மறந்தார். பாலத்தை எப்படித் தாண்டினார், கவசத்தை எங்கே எடுத்தார், டிராகன் மூச்சிழுக்கும்போது கழுத்தில் எந்தச் செதில் சிவக்கும் என்று கைகளை வீசிச் சொன்னார். "முப்பத்தெட்டு வருஷம் உழைச்சிருக்கேன், நண்பர்களே. உண்மையாச் சொல்றேன், இந்த ரெண்டு மாசம்தான் காலையில எழுந்ததும் ஆபீஸ் போகணும்னு ஆசையா இருந்துச்சு!" பலத்த கைதட்டல். ஓர்லினோவோவின் வரலாற்றில் யாருக்காவது பயன்பட்ட ஒரே சொற்பொழிவு அதுதான். பயன்பட்டவர்கள், அகரவரிசையின் கடைசி இரண்டு எழுத்துக்காரர்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் அவர் செம்பைத் தூக்கி, "தண்ணீர்போல ஓடட்டும்!" என்று கவிழ்த்தார். தண்ணீர் சொன்னபடி ஓடிற்று. விரிப்புக்கு அடியில் 'டக்' என்றது. ஒரே ஒரு டக். பெருமூச்சு வரவில்லை.

ஸ்பாஸ் திரையைப் பார்த்தான். 'முடிந்தது' என்று இருந்தது. எப்போது முடிந்தது, தண்ணீருக்கு முன்பா, தண்ணீரோடா? உறையைத் திறந்தான். கடைசி எழுத்தைத் திறந்தான். யாசெனோவா, கிச்கா. பதினான்கு வருடம். வரிசையாக நூற்று அறுபத்தெட்டு மாதம். ஏணியில் உட்கார்ந்தான்.

"என்ன?" என்றாள் கிச்கா.

"உள்ள வந்துட்டீங்க."

*

நவம்பர் கடைசியில் கிச்காவுக்கு வயது நிறைந்தது. ஸ்பாஸ் சான்றிதழ் தயாரித்தான். ஸ்லாத்தினா சரிபார்த்தாள்.

"'எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது'ங்கற இடத்துல 'ஆவணக் காப்பகம்'னு பொதுவா எழுதக்கூடாது. சரக்கு எண், உறையோட முழுப்பாதை, ஒண்ணு விடாம எழுதணும். இல்லாட்டி நான் முத்திரை குத்தமாட்டேன்."

ஸ்பாஸ் ஒன்று விடாமல் எழுதினான். 'கருங்கோட்டை; ஏழாம் சுற்று; டிராகன் அறை; கம்பி ஆலை; யாசெனோவா.' ஸ்லாத்தினா ஒவ்வொரு சொல்லையும் இயந்திரத்தோடு ஒப்பிட்டாள். எல்லாம் பொருந்திற்று. குத்தினாள்.

ஓய்வூதிய அலுவலகத்தில் சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்மணி முதலில் முத்திரை வட்டமா என்று பார்த்தாள். வட்டம். பிறகு படித்தாள். பிறகு ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தாள்.

"வேலை பாத்த எடம் டிராகன் அறைன்னு போட்டிருக்கு."

"அப்படியா போட்டிருக்கு?" என்றாள் கிச்கா.

"நெருப்பு இருந்துச்சா?"

"முன்னூறு டிகிரிம்மா. புருவம் முளைக்கவே ஆறு வருஷம் ஆச்சு."

"புகை?"

"எதிர்ல நிக்கறவ மூஞ்சி தெரியாது."

"எப்பவாவது தாக்கிச்சா?"

கிச்கா சட்டைக் கையை மேலே ஏற்றி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை காட்டினாள். பெண்மணி எழுதிக்கொண்டாள்.

"பாதுகாப்பு உடை குடுத்தாங்களா?"

"வருஷத்துக்கு ஒரு ஏப்ரன்."

பெண்மணி புத்தகத்தில் விரலை ஓட்டினாள். வார்னிஷ் உலை மூன்றாம் வகைப் பட்டியலில் இருந்தது. அந்தப் பக்கத்தை அவள் திறக்கவே இல்லை. 'கொடிய விலங்குகளோடு மூடிய இடத்தில் பணி' என்ற தலைப்பில் விரல் நின்றது. சர்க்கஸ்காரர்களும் மிருகக்காட்சிசாலைக்காரர்களும் அங்கே இருந்தார்கள்.

"முதல் வகை," என்றாள். பதினான்கு வருடத்தை இருபத்து மூன்று வருடம் நான்கு மாதமாக எழுதி, தன் பங்குக்கு ஒரு வட்டம் குத்தினாள். "இதை ஏன் நீங்க முன்னாடியே சொல்லலை?"

"சொன்னேனே. பதினாலு வருஷமா சொன்னேன். உலைன்னு சொன்னேன். அதான் தப்பு."

திங்கட்கிழமை காலையில் காப்பக வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை நின்றது. கம்பி ஆலையின் ஆட்கள். ஊன்றுகோல், இருமல், பிளாஸ்டிக் பை. ஸ்பாஸ் கதவைத் திறந்தபோது முதலில் நின்ற மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்: "தம்பி, நானும் அந்த அறையிலதான் இருக்கேனா?"

"எல்லாரும் அங்கதான் இருக்கீங்க."

பத்தரை மணிக்குப் பொறியாளர் தலையணையோடு வந்தார். வரிசையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து சுட்டியில் கையை வைத்தார். ஸ்லாத்தினா அவர் முன்னால் ஒரு தாளை வைத்தாள்.

"கையை எடுங்க ஐயா. ஓய்வூதிய அலுவலகம் கருங்கோட்டையை மூல ஆவணமா ஏத்துக்கிட்டிருக்கு. அந்த உறையில இனிமே ஒரு எழுத்து மாறினாலும் ஆவணத் திருத்தம். கிரிமினல்."

"நான் விளையாடத்தானே போறேன்!"

"விளையாடினா உறை மாறும். டிராகன் செத்துச்சுன்னா அறுநூத்துப் பன்னிரண்டு பேரோட வேலை இடத்தை நீங்க அழிச்சதா ஆகும்."

"அப்ப சோதனை?"

"முடியாது. டிராகன் சாகாம சோதனை முடிஞ்சதா எழுத முடியாது."

பொறியாளர் காலி நாற்காலியில் இருந்த மூன்றாவது உறுப்பினரை ஆதரவுக்குத் தேடுவதுபோல் சுற்றிப் பார்த்தார். பிறகு தலையணையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு போனார். திரையில் அவருடைய வீரன், வாளைத் தூக்கியபடி, டிராகனுக்கு எதிரில் அசையாமல் நின்றான். இன்றும் நிற்கிறான். உத்தரவுப்படி தினமும் மூன்று நகல் எடுக்கிறார்கள். மூன்றாவது நகல் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கிச்கா ஒரு சாக்லேட் பெட்டியோடு வந்தாள். வரிசைக்கெல்லாம் நீட்டினாள், ஸ்லாத்தினாவுக்கும் ஒன்று கொடுத்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசை அருகில் வந்து, திரை முழுக்க வாயைத் திறந்து நெருப்போடு நின்ற டிராகனைக் குனிந்து பார்த்தாள். மூக்குத் துவார மயிர் தனித்தனியாகத் தெரிந்தது.

"இதுதானா?" என்றாள். "எங்க உலையைவிடச் சின்னதா இருக்கே."